ஜெனரல் ஷிப்டு

செங்கல்பட்டு
9 ஜூன் 2024

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் ஹரிஹரன் எழுதுவது. இங்கே நானும் செங்கல்பட்டு வெயிலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கொக்கிலமேட்டில் உன் அப்பா, அம்மா, நீ, என் பாப்பா எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடி இனிமேல் போன் செய்ய மாட்டேன். என் குரலைக் கேட்ட அன்றெல்லாம் பாப்பா அழுது அழுது ஜுரம் இழுத்துக்கொள்கிறாள் என்று தெரிந்த பிறகு போனைத் தொடவே கை வரவில்லை. நாம் இரண்டு பேரும் அடிக்கடி போனில் பேசினால் குப்பத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். கடிதம் என்றால் தபால்காரர் உன் அப்பா கையில் கொடுப்பார், ஒளிவு மறைவு இல்லை. லீவு லெட்டர் தவிர வேறு லெட்டர் எழுதிப் பழகாதவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் படாளத்தில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கடற்கரைப் பெண் என்று உன் அக்கா கண்ணகியை வாசற்படி ஏற்றாத என் அப்பா, அவள் போய் இரண்டு வருஷமாகியும் பாப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போர் மோட்டார் ரிப்பேர் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கதவை இனித் தட்டிப் பிரயோஜனமில்லை.

பாப்பாவை என்னோடு வைத்துக்கொள்ள இரண்டு வழி யோசித்திருக்கிறேன். ஒன்று, மறைமலைநகர் கம்பெனியிலேயே ஜெனரல் ஷிப்டு கேட்பது. இப்போது ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று சுற்றுகிறேன். இதில் குழந்தையை எங்கே வளர்ப்பது? ஜெனரல் ஷிப்டு என்றால் காலையில் கம்பெனி பஸ் ஏறி சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் மெஷினை விட்டு ஸ்டோர்ஸுக்குப் போகவேண்டும். லைன் லீடர் ஆகிற வாய்ப்பு அதோடு சரி. இன்னொரு வழி, வேலையையே விடுவது. என் சிநேகிதன் துரை மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறான். அங்கே ஏசி, மோட்டாரெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். உங்கள் பக்கத்திலேயே வந்துவிடலாம். ஆனாலும் பர்மனென்ட் வேலையை உதறுவது என்றால் பயமாக இருக்கிறது. ஆற அமர யோசித்து முடிவு சொல்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம். பெரியவர்களுக்கு வணக்கம். பதில் போடு.

ஹரிஹரன்


கொக்கிலமேடு
2 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பரிமளாவின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாதான் வாங்கினார். "இன்னாம்மா, மாப்ள காயிதம்லாம் போட்றாரு" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். இங்கே எல்லோரும் நலம். மீன்பிடித் தடை முடிந்து படகுகள் இறங்கிவிட்டன. அப்பா விடியுமுன் கடலுக்கும், அம்மா கூடையோடு திருக்கழுக்குன்றத்துக்கும் கிளம்பிவிட்டால் மதியம் வரை வீட்டில் நானும் பாப்பாவும்தான்.

பாப்பா நன்றாகச் சாப்பிடுகிறாள். பால்வாடிக்கு அழாமல் போகிறாள். அம்மாவைப் பார்த்துப் பார்த்து மீன் வியாபாரம் கற்றுக்கொண்டிருக்கிறாள். கூழாங்கற்களைக் கூறு கட்டி வைத்துக்கொண்டு எனக்கே விற்கிறாள். நான் விலை குறைத்துக் கேட்டால் இடுப்பில் கை வைத்து, "கட்டாது, வேற எடம் பாரு" என்கிறாள். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஆற அமர யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அக்காவைக் கட்டிக்கொள்ள இரண்டே நாளில் முடிவு செய்தவர்தானே நீங்கள்? இப்போது மட்டும் என்ன இவ்வளவு யோசனை? கேலிக்குத்தான் சொல்கிறேன். ஆனால் பிள்ளை நாம் யோசித்து முடிக்கும்வரை காத்துக்கொண்டிருக்காது மாமா, வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஓட்டல் சாப்பாட்டால் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மோராவது குடியுங்கள்.

பரிமளா


செங்கல்பட்டு
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பரிமளாவுக்கு,

நலமா? எனக்கு இந்த வாரம் நைட் ஷிப்டு. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. மோர் குடிக்கிறேன்.

மேனேஜரைப் பார்த்து ஜெனரல் ஷிப்டு கேட்டேன். பரணிதரன் என்று புதிதாகச் சென்னையிலிருந்து வந்திருக்கிறார். இப்போதைக்கு முடியாது என்றுவிட்டார். கம்பெனியில் குழந்தைக்காக நேரம் மாற்றிக் கொடுப்பதெல்லாம் பெண்களுக்குத்தானாம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்கலாம் என்றிருக்கிறேன். துரையிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பேச முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள். நான் செருப்பைக் கழற்றும்போது பாப்பா உள்ளே ஓடி, "தாத்தா, மாமா வந்துகீறாரு" என்று சொன்னதைக் கேட்டேன். நீ என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படியே பிடித்துக்கொண்டாள், அவள் மேல் தப்பு இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது திருக்கழுக்குன்றம் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

உன்னை என்னவென்று கூப்பிடுகிறாள்? சித்தி என்றா? எழுது.

எல்லோருக்கும் என் விசாரிப்பு.

ஹரிஹரன்


கொக்கிலமேடு
5 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் சௌக்கியம். பாப்பாவுக்கு மட்டும் ஒரு வாரமாகச் சளி, இருமல். மாமல்லபுரத்தில் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிவிட்டேன், பயப்பட ஒன்றும் இல்லை. காலில் செருப்பு சின்னதாகிவிட்டது. நீங்கள் வரும்போது புதிதாக ஒன்று வாங்கி வாருங்கள். உங்கள் கையால் வாங்கியது என்று சொல்லிப் போட்டுவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். புதுப்பட்டினத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனுக்கு ஆள் எடுக்கிறார்கள். அக்காவுக்கு முடியாமல் போனபோது நான் விட்ட அதே வேலைதான், ஆனால் பெரிய லேப், புது மெஷின்களெல்லாம் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தை பிறந்ததும் வந்து சேரச் சொல்கிறார்கள். ஷிப்டு வேலை, மாதத்தில் ஒரு வாரம் நைட் உண்டு. பார்க்கலாம்.

உங்களுக்குத் தைக்குள் ஜெனரல் ஷிப்டு கிடைத்தால் நன்றாக இருக்கும். மேனேஜரை இன்னொரு தரம் பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நைட் ஷிப்டு முடிந்து வந்ததும் வெறும் வயிற்றில் தூங்காதீர்கள்.

பரிமளா


செங்கல்பட்டு
20 அக்டோபர் 2024

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. லைனில் ஆள் குறைவு, ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார்கள். அதனால்தான் போன மாதம் வரமுடியவில்லை. உங்கள் எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து. பார்சலில் பாப்பாவுக்குக் கவுன், உனக்கும் அம்மாவுக்கும் புடவை, அப்பாவுக்கு வேட்டி வைத்திருக்கிறேன். செருப்பும் இருக்கிறது. அளவு தெரியாமல் கடைக்காரரிடம் அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கினேன், சரியாக இருக்கிறதா?

இருமல் நின்றதா? அந்த மருந்தின் பெயரை எழுதி அனுப்பு, இங்கே ஒரு டாக்டரிடமும் கேட்டு வைக்கிறேன். மழை ஆரம்பித்துவிட்டது, பாப்பாவைக் கரைக்கு விடாதே.

ஒரு சந்தோஷ செய்தி. எங்கள் லைன் லீடர் வேறு பிளான்ட்டுக்குப் போகிறார். அடுத்து நானாக இருக்கலாம் என்று சூப்பர்வைசர் ஜெபகுமார் காதில் போட்டார். இந்த நேரத்தில் போய் ஜெனரல் ஷிப்டு கேட்டால் அது கெட்டுவிடுமோ என்று இருக்கிறது. ரிசார்ட் வேலை இன்னும் காலியாகவே இருக்கிறதாம், துரை சொல்கிறான். மூன்றையும் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தைக்குள் என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடம் ஜூனில்தானே திறக்கிறது, அதற்குள் ஏதாவது ஒரு வழி பிறக்கும். நீ இருக்கும்போது எனக்குப் பாப்பாவைப் பற்றிக் கவலையே இல்லை.

ஹரிஹரன்


கொக்கிலமேடு
8 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். புயல் போய்விட்டது. படகை மேலே ஏற்றிவிட்டதால் சேதம் இல்லை. கூரை ஓட்டில் கொஞ்சம் ஒழுகியது, அப்பா தார்ப்பாய் போட்டுவிட்டார். ஒரு வாரமாகக் கரண்ட் இல்லாமல் இருந்து நேற்றுத்தான் வந்தது. துணிமணி கிடைத்தது. செருப்பு பெரிது. அடுத்த வருஷம் போடலாம்.

உங்களை ஒன்று கேட்கவேண்டும். மேனேஜரிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள்? தாயில்லாப் பிள்ளையைத் தகப்பன் வளர்க்க நேரம் கேட்கிறான் என்றால், எவ்வளவு கல்நெஞ்சக்காரராக இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பார்களே. பெண்களுக்குத்தான் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் என்பதை என்னால் நம்பமுடியவில்லை.

எல்லோரும் நலம்.

பரிமளா


செங்கல்பட்டு
22 டிசம்பர் 2024

அன்புள்ள பரிமளாவுக்கு,

நீங்கள் எல்லோரும் புயலில் பத்திரமாக இருந்தது கேட்டு நிம்மதி. எனக்கு இங்கே ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மேனேஜர் ரூமில் நான் போய் நின்றதும் உட்காரச் சொன்னார், நல்ல மனுஷன்தான். குழந்தைக்காக ஜெனரல் ஷிப்டு வேண்டும் என்றேன். "வூட்ல அவங்க வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இன்னா பிரச்சனை? அவங்க பாத்துப்பாங்க இல்ல?" என்றார். அப்போது நான் சொல்லியிருக்கவேண்டும். ஜெபகுமார் சாருக்குத் தெரியும்; அவர் அன்றைக்கு அங்கே இல்லை. நான் வாயைத் திறந்து, "அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை பரிமளா. அந்த இன்னொரு வார்த்தையை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் நீங்களெல்லாம் சொல்லிவிட்டீர்கள், நான் சொல்லவேண்டி வரவே இல்லை. "சரி, வந்ததும் பாக்கலாம்" என்றார் மேனேஜர். நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். வந்து மெஷின் பக்கத்தில் நின்றபோது, நிஜமாகவே அவள் கொக்கிலமேட்டில் இருக்கிறாள், வருவாள் என்று கொஞ்ச நேரம் தோன்றியது. அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல்தான் இத்தனை மாதம் திரும்பிப் போகவில்லை.

என்னைத் திட்டி எழுது. பொங்கல் கழித்து மறுபடியும் போகிறேன்.

ஹரிஹரன்


செங்கல்பட்டு
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

எல்லோரும் நலமா? டிசம்பரில் நான் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. பொங்கலுக்கு ஒரு கார்டு போட்டேன், அதற்கும் இல்லை. பாப்பாவுக்கு அம்மை போட்டிருந்தது என்று உன் அப்பா சொல்லித்தான் தெரியும். தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்றும் சொன்னார். நீ கண் விழித்துக் களைத்துப் போயிருப்பாய்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். கண்ணகி செத்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். ஜெனரல் ஷிப்டு தருகிறேன், ஸ்டோர்ஸில் இடம் இருக்கிறது, மார்ச்சுக்குள் யோசித்துக் கையெழுத்துப் போடு என்றிருக்கிறார். லைன் லீடர் பதவியும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் உன் அப்பா வலை வாங்கச் செங்கல்பட்டு வந்தவர் என்னை வந்து பார்த்தார். டீக்கடையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார். "ஊர்ல நடக்காததா மாப்ள? பெரியவ போய்ட்டா, சின்னவ கீறா. கொயந்தைக்கும் ஒரு வழி ஆவும், நாங்களும் கண்ண மூடலாம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். அப்படி நடந்தால் பாப்பா யாரையும் பிரியவேண்டாம். நீ செங்கல்பட்டில் வீட்டில் இருப்பாய், அவளைப் பார்த்துக்கொள்வாய். எனக்கு ஜெனரல் ஷிப்டு தேவைப்படாது, மெஷினிலேயே இருந்து லைன் லீடர் ஆகலாம். ரிசார்ட்டும் வேண்டாம். எல்லோருக்கும் சௌகரியமாகத்தான் தெரிகிறது. உனக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுகிறேன். உன்னைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

ஹரிஹரன்


கொக்கிலமேடு
27 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பாப்பா நலம், தழும்பு கூட மறைந்துவருகிறது. அப்பா, அம்மா நலம்.

எனக்குச் சம்மதம் இல்லை.

கோபத்தில் எழுதுவதாக நினைக்காதீர்கள். உங்கள் மேல் வெறுப்பும் இல்லை. கடைசி மாதங்களில் அக்காவுக்குத் தலை வாரிவிட்டு, துணி மாற்றி, நீங்கள் பார்த்துக்கொண்டதை ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து பார்த்தவள் நான். அந்த மனுஷனை எந்தப் பெண்ணும் கட்டிக்கொள்வாள். ஆனால் நீங்கள் கேட்டது என்னை இல்லை மாமா. உங்கள் ஷிப்டுக்கு ஒரு மாற்று ஆளைக் கேட்டிருக்கிறீர்கள்.

செப்டம்பரில் வேலையைப் பற்றி எழுதினேன். நீங்கள் செருப்புக்குப் பதில் எழுதினீர்கள், இருமல் மருந்துக்குப் பதில் எழுதினீர்கள், அதற்கு மட்டும் எழுதவில்லை. சுருக்கமாக எழுதியது என் தப்போ என்று முதலில் நினைத்தேன். பிறகு நினைத்தேன், பாப்பாவைப் பற்றி நீங்கள் அரை வரி எழுதினாலும் எனக்குப் புரிகிறதே என்று. பொங்கல் கழித்து அவர்கள் கூப்பிட்டபோது பாப்பா உடம்பெல்லாம் அம்மையோடு என் மடியில் கிடந்தாள். வரமுடியாது என்று சொன்னேன். வேறு பெண்ணைப் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்குப் படகு மறைவில் உட்கார்ந்து அழுதேன். அக்கா செத்த பிறகு அப்படி அழுதது அன்றுதான். நீங்கள் மட்டும்தான் வேலையையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு யோசிப்பதாக எழுதிக்கொண்டே இருந்தீர்கள். நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

நீங்கள் ஆகஸ்டில் கேட்டதற்கு நானும் பதில் எழுதவில்லை. அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். ரொம்ப நாளாகவே. நான் திருத்தவில்லை. முதல் தரம் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்துக்காக அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன். இதை உங்களுக்கு எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்படியே இன்னும் ஒரு வருஷம் போனால் நான் அவளைத் தரமாட்டேன், நீங்களும் கேட்கமாட்டீர்கள். நீங்கள் எப்போதாவது வந்து போகிற ஒருவராக ஆகிவிடுவீர்கள். அது அவளுக்குச் செய்கிற பாவம். அதனால் ஜெனரல் ஷிப்டுக்குக் கையெழுத்துப் போடுங்கள். பள்ளிக்கூடம் திறக்கிறதற்கு முன்னால் வந்து கூட்டிப் போங்கள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்தில் என் பழைய லேபில் ரத்தம் எடுக்க ஆள் கேட்கிறார்கள். சின்ன இடம்தான். சித்திரையில் சேருகிறேன்.

அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். உங்கள் ஜலதோஷம் சரியாகிவிட்டதா?

பரிமளா


செங்கல்பட்டு
16 மார்ச் 2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே மாதக் கடைசியில் வருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹரிஹரன்


செங்கல்பட்டு
22 ஜூன் 2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் உடல்நலத்துக்கும் எல்லோர் நலத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே பாப்பா நலம், நானும் நலம்.

நான் கூட்டிப்போக வந்த அன்று நீ இல்லை. லேபில் அன்றைக்குக் காலை டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய் என்று உன் அம்மா சொன்னார். நானும் உனக்காகக் காத்திருக்கவில்லை. பாப்பா பஸ் ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தாள், மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் எட்டி எட்டிப் பார்த்தாள், அப்புறம் தூங்கிவிட்டாள்.

வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. என் மீன் குழம்பை மூக்கை மூடிக்கொண்டு தள்ளிவிட்டாள். நேற்றுத்தான் தட்டு காலியானது. ஒண்ணாங்கிளாஸில் சேர்த்தாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துத் தெருவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு டீச்சர் வீட்டில் இருக்கிறாள், நான் பஸ் இறங்கி நேராகப் போய் அழைத்து வருகிறேன். ஸ்டோர்ஸில் வேலை அலுப்பாக இருக்கிறது. மெஷின் சத்தம் கேட்கும்போது மனசு அந்தப் பக்கம் போகிறது. லைன் லீடராக என்னைவிடச் சின்னப் பையன் ஒருவனைப் போட்டிருக்கிறார்கள், நல்ல பையன், எனக்கு வணக்கம் வைக்கிறான்.

காலையில் கண் விழிக்கும்போது பாப்பா ஒரு தரம் அம்மா என்று கூப்பிடுகிறாள். தினமும் ஒரே ஒரு தரம். யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்டால் இரண்டு பேருமே இங்கே இல்லை. நான் போய் நிற்கிறேன். என்னைப் பார்த்துவிட்டு எழுந்துகொள்கிறாள். அழுவதில்லை. அழுதாலாவது தூக்கிச் சமாதானம் சொல்லலாம்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "இன்னிக்கு லீவா?" என்று கேட்கிறாள். இல்லை, ஸ்கூல் உண்டு என்றால் தலையை ஆட்டுகிறாள். தனக்கு லீவா என்று கேட்கிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். முந்தாநாள், "எனுக்கு இல்ல, அம்மாவுக்கு" என்றாள். உனக்கு லீவு விட்டால் நீ வருவாய் என்று கிளம்புகிற அன்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு வாரத்தில் எந்த நாள் லீவு, எத்தனை மணிக்குப் போகிறாய், மதியம் எங்கே சாப்பிடுகிறாய், ஒன்றுமே எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் என் பிள்ளையை வளர்த்தவள் நீ.

உன் லீவு நாளை எழுது பரிமளா. அது எந்த நாளாக இருந்தாலும் கம்பெனியில் சொல்லி நான் அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டு பாப்பாவை அழைத்து வருகிறேன்.

ஹரிஹரன்